கப்பலேறி வந்த தக்காளி

தீவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களைகளில் நாள்தோறும் எழும் முறையீடு ஒன்று உண்டு. "தக்காளி பார்வைக்குப் பவளம், வாயில் வைத்தால் வைக்கோல்" என்பதே அது. நம் சங்கத்து மகளிர் நால்வர் கூடினால் இப்பேச்சு வராமல் இருப்பதில்லை. ஒருவர் இவ்வூர்த் தண்ணீரைக் குறை கூறுவார். மற்றொருவர், மருந்து போட்டுப் பழுக்க வைக்கிறார்கள் என்பார். வேறொருவர், காலமே கெட்டுவிட்டது என்று முடித்து வைப்பார். காசு கொடுத்து வாங்கும் பண்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை ஓரளவேனும் அறிய வேண்டும் என்னும் ஆவல் நமக்கு எழுந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நமக்கு விஞ்ஞான நூல்கள் எட்டா. ஆயினும் நம் இல்லத்தாரின் தம்பி வேளாண்மைக் கல்லூரியில் பயில்பவர். அவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது சொன்னவற்றையும், நாம் சந்தையிலும் பணியிலும் கண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாம் குடியிருப்பது ஷாதிபூர். கைதிகளாக இங்கு கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களும் மணம் முடித்துக் குடியிருந்த இடமாதலின் இப்பெயர் வந்தது என்று முதியவர்கள் சொல்வார்கள். போர்ட் பிளேயர் என்று நாம் அழைத்துப் பழகிய நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர் எதுவாயினும் என்ன? ஆண்டின் பெரும்பகுதி ஊருக்கு வேண்டிய தக்காளி கடல் கடந்தே வர வேண்டியிருக்கிறது.

அது வரும் வழியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மதனப்பள்ளியிலோ கோலாரிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒரு தோட்டத்தில் காய் பறிக்கப்படுகிறது. பெட்டியில் அடைபட்டு உள்ளூர்ச் சந்தைக்கு வந்து ஏலம் போகிறது. அங்கிருந்து லாரியேறிச் சென்னைக் கோயம்பேட்டுக்கு வருகிறது. பிறகு துறைமுகத்திலே கப்பலின் நாளுக்காகக் காத்துக் கிடக்கிறது. கடலில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் ஓட்டம். ஹாடோ துறையில் இறங்கி, மொத்த வணிகர் கை மாறி, ஜங்லிகாட் சந்தையிலோ பல்பொருள் அங்காடியின் கண்ணாடி அடுக்கிலோ நம் கண்ணில் படும்போது, நம் கணக்குப்படி, பறித்து எட்டு நாளேனும் ஆகியிருக்கும். வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டால் பத்து, பன்னிரண்டு என நாள் ஏறும். விமானத்தில் வரும் பழமும் உண்டு. அதன் விலையைக் கேட்டுவிட்டு அப்பால் நகர்வோரே மிகுதி.

இருப்புப்பாதை இல்லாத தீவில் இரயில்வே எழுத்தராக இருப்பது பலருக்கு நகைப்பாக இருக்கிறது. இங்கும் முன்பதிவு அலுவலகம் உண்டு. கடல் தாண்டி ஊர் செல்வோருக்கு மேல் பயணத்துக்கான சீட்டு எழுதித் தருகிறோம். அதற்கு முன் சில ஆண்டுகள் பெருநிலத்தில் ஒரு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் இருந்தோம். அங்கே தக்காளிக் கூடைகளுக்குச் சீட்டு எழுதியதுண்டு. அழுகும் பொருள் என்றால் பெரும்பாலும் உடையவர் பொறுப்பிலேயே ஏற்றப்படும். வழியில் நசுங்கினாலும் அழுகினாலும் நட்டம் அனுப்பியவரைச் சாரும். ஆகவே அனுப்பும் வணிகர் எத்தகைய பழத்தைத் தேடுவார்? நசுங்காததை, அழுகாததை, அடித்தட்டில் கிடந்தாலும் மேல்தட்டின் பாரத்தைத் தாங்குவதைத்தான் தேடுவார். நாம் எழுதிய சீட்டில் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், கட்டணத்துக்கு ஒரு கட்டம். சுவைக்குக் கட்டம் இல்லை. அது எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

இனிப் பறிக்கும் நிலையைப் பற்றிச் சொல்வோம். தொலைவு போக வேண்டிய தக்காளியைச் சிவந்த பின் பறிக்க முடியாது. பச்சையாக இருக்கும்போதோ, நுனியில் சிறிது வெளிறும்போதோ பறித்துவிடுகிறார்கள். வழியிலோ கிடங்கிலோ அது சிவக்கிறது. இதில் எத்திலீன் என்னும் வாயுவுக்குப் பங்கு உண்டு. இது அயலிலிருந்து வந்த நஞ்சு என்று எண்ண வேண்டா. பழுக்கும் தக்காளி தானாகவே வெளிவிடும் வாயுதான் இது. ஒரு பழுத்த பழத்தைக் காய்களோடு சேர்த்து மூடி வைத்தால் மற்றவையும் பழுப்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். கார்பைடுக் கல் வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை ஓர் அளவுக்குட்பட்டுப் பயன்படுத்த 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இசைவு தந்தது. எனவே, 'மருந்து போட்டதால் சுவை போயிற்று' என்று கூறும் சகோதரிகள் குற்றவாளியை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடிக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பச்சைக் காயிலும் இரு நிலைகள் உண்டாம். முற்றிய பச்சை ஒன்று. முற்றாத பச்சை மற்றொன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். குறுக்கே அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். முற்றிய காயில் விதையைச் சுற்றிக் கூழ் திரண்டிருக்கும். கத்தி பட்டால் விதை வழுக்கி விலகும். முற்றாத காயில் விதையே இரண்டாக வெட்டுப்படும். முற்றிய பச்சையைப் பழுக்க வைத்தால் ஓரளவு நன்றாகவே வரும். முற்றாததற்கு எத்திலீன் சிவப்பு நிறத்தைத் தரும். அதற்குமேல் தர அதனிடம் ஒன்றுமில்லை. கூலிக்குப் பறிக்கும் ஒருவர் பெட்டி பெட்டியாக நிரப்பும்போது ஒவ்வொரு காயையும் அறுத்தா பார்ப்பார்?

சுவை என்பது யாது என்பதையும் மைத்துனர் விளக்கினார். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, ஐந்து பங்கு தண்ணீரே. எஞ்சிய சிறு பங்கில் சர்க்கரையும் புளிப்பும் அடக்கம். இவை நாக்குக்கு உரியவை. ஆனால் 'தக்காளி' என்று நம்மை உணரச் செய்வது அதன் மணம். வாயில் மெல்லும்போது தொண்டை வழியே மூக்குக்கு ஏறும் ஆவிப் பொருள்கள் தக்காளியில் நானூறுக்கு மேல் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றுள் சில பத்துப் பொருள்களே நமக்கு மணமாகப் புலப்படுகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு தின்று பாருங்கள். வெறும் புளித்த நீராக இருக்கும். இம்மணப் பொருள்களுள் பலவும் பழம் செடியில் சிவக்கும் இறுதி நாட்களில்தான் நிறைகின்றன. அந்த நாட்களில் நம் பழம் லாரியில் இருக்கிறது.

சிறு வயதில் நாம் ஊரில் உண்ட தக்காளி நாட்டு வகை. தட்டையாகவும் மடிப்பு மடிப்பாகவும் இருக்கும், தோல் மெல்லியது, அமுக்கினால் சாறு முழங்கைவரை வழியும். இன்று கப்பலேறி வருவதோ, நவீன் என்றும் பெங்களூர்த் தக்காளி என்றும் வணிகர் சொல்லும் ஒட்டு வகை. சுவர் தடித்தது, உள்ளே கூழ் குறைவு. இரசத்துக்குத் தக்காளியைக் கையால் கரைக்கும் தாய்மார்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுப் பழம் கையில் கரையும். ஒட்டுப் பழம் கையை எதிர்த்து நிற்கும். புளிப்பும், நாவில் ஊறும் குழம்புச் சுவையும் தசையைவிட விதைக் கூழில்தான் மிகுதி என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். கூழ் குறைந்த பழத்தில் இரசம் எங்கிருந்து வரும்?

விளைச்சலும் ஒரு காரணம். உழவருக்குப் பணம் கிடைப்பது எடைக்கு. ஒட்டன்சத்திரத்தில் 14 கிலோ பெட்டிக்கு என்ன விலை என்பதே பேச்சு. ஆகவே ஒரு செடியில் மிகுதியாகக் காய்க்கும் வகைகளையே உண்டாக்கினார்கள். ஆனால் இலை சமைத்துத் தரும் சர்க்கரைக்கு ஓர் எல்லை உண்டு. பத்துப் பேர் உண்ணும் சோற்றை இருபது பேருக்குப் பகிர்ந்தால் என்ன ஆகுமோ, அதுவே ஆயிற்று. அமெரிக்காவில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி கிளீ என்பவர் சீன விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 398 வகைத் தக்காளிகளை ஆராய்ந்து 2017-ல் முடிவு வெளியிட்டார். மக்கள் விரும்பும் மணப் பொருள்கள் பல புதிய வகைகளில் குறைந்துவிட்டன என்பதே முடிவு. எவரும் வேண்டுமென்று குறைக்கவில்லை. எடையையும் உறுதியையும் நோய் எதிர்ப்பையும் பார்த்துப் பொறுக்கினார்கள். சுவையைப் பார்த்துப் பொறுக்கவில்லை.

இன்னொரு செய்தி நம்மை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது. நாட்டுத் தக்காளிக் காயின் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைப் பட்டை ஒன்று இருக்கும் அன்றோ? நம் ஊரில் அதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. மேல்நாட்டாரும் அவ்வாறே கருதி, முழுக் காயும் ஒரே வெளிர் நிறமாக இருக்கும் வகையைப் பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஒரே சீராகச் சிவக்கும். அங்காடியில் அழகாக இருக்கும். அந்தப் பச்சைப் பட்டைக்குக் காரணமான மரபணு எது என்பதை 2012-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் கண்டறிந்தார்கள். பச்சையம் மிகுந்த அந்தப் பட்டையினால் காய் தானும் சிறிது சர்க்கரை சமைத்துக்கொள்கிறதாம்! அழகுக்காக அதை நீக்கியபோது இனிப்பும் சேர்ந்து நீங்கிற்று. நம் பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்னும் வட்டார வகையிலிருந்து உண்டாக்கிய பி.கே.எம். 1 என்னும் வகையில் இப்பச்சைப் பட்டை இன்றும் இருக்கிறது. தொலைவுப் பயணத்தையும் அது தாங்கும் என்பது குறிக்கத்தக்கது.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். தக்காளி வெப்ப நாட்டுச் செடி. 12 பாகைக்குக் கீழே அதற்கு ஆகாது. ஏழு நாள் 5 பாகைக் குளிரில் வைத்த பழத்தில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் ஓய்ந்துவிடுகின்றன என்றும், வெளியே எடுத்து வைத்த பிறகும் மணம் முழுவதும் திரும்புவதில்லை என்றும் 2016-ல் கிளீயின் குழுவினர் காட்டினார்கள். கோசும் கேரட்டும் விரும்பும் குளிரிலேயே தக்காளியையும் அடைத்தால் அது கெடாமல் வரும், சுவை வராது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியும் அதையே செய்கிறது. ஆனால் இத்தீவின் ஈரக் காற்றில் வெளியே வைத்த பழம் மூன்றாம் நாள் பூசணம் பூக்கிறது என்று இல்லத்தார் வாதிடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் தேவைக்கு வாங்கி வெளியே வைப்பதே நாம் கண்ட உடன்படிக்கை.

இவ்வளவும் ஆராயத் தூண்டியது எது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஈராண்டுகளுக்கு முன் நம் அன்னையார் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நம்மோடு வாழ வந்தார். தந்தையார் மறைந்தபின் தனித்திருக்க வேண்டா என்று அழைத்து வந்தோம். வந்த சில திங்களில் அவர் உணவு குறைந்தது. சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். கேட்டால், "என் நாக்கு செத்துப் போச்சுப்பா, வயசாச்சில்ல" என்பார். தம் கையால் இரசம் வைத்துப் பார்த்தார். மீண்டும் உதட்டைப் பிதுக்கினார். நாக்கு மரத்துப்போவது இறுதிக் காலத்தின் அறிகுறி என்பது அவர் தலைமுறையினரின் நம்பிக்கை. தம் தாயாருக்கும் அப்படித்தான் தொடங்கிற்று என்று மருமகளிடம் இரகசியமாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் சோதித்து ஒரு குறையும் இல்லை என்றார். அன்னையார் அதை நம்பவில்லை.

அடுத்த வீட்டில் வங்காளக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய உறவினர் நீல் தீவில், இப்போது ஷஹீத் துவீப் என்று வழங்கும் தீவில், காய்கறி பயிரிடுகிறார்கள். பிப்ரவரித் திங்களில் ஒரு நாள் மாலை அவ்வீட்டு அம்மையார் முந்தானையில் எட்டுப் பத்துத் தக்காளிகளை முடிந்துகொண்டு வந்து, "மாஜி" என்று அன்னையார் மடியில் கொட்டிவிட்டுப் போனார். இருவருக்கும் பொது மொழி கிடையாது, புன்னகைதான். அன்று காலை செடியில் சிவப்பாகப் பறித்துப் படகேற்றிய பழம் அது. அன்னையார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போனார். அன்றிரவு இரசத்தை இரண்டு குவளை வாங்கிக் குடித்தார். "நாக்கு இருக்குடி தாயி" என்று மருமகளிடம் சொன்னதைக் கூடத்திலிருந்து கேட்டோம். நாம் அறையை விட்டு வெளியே வரச் சிறிது நேரம் ஆயிற்று.

மறுநாள், "நம்ம ஊர்ப் பழத்துக்கு இது முக்கால் பங்கு" என்று தீர்ப்பும் அளித்தார். பின்னர் விசாரித்தபோது அது நாட்டு வகையன்று, கடையில் விற்கும் ஒட்டு விதைதான் என்று தெரிய வந்தது. செடியில் பழுக்க விட்டதால் முக்கால் பங்கு வந்தது. கால் பங்கு வகையினால் குறைந்தது. விஞ்ஞானிகள் நீளமாகச் சொன்னதை அவர் ஒரு பின்னத்தில் சொல்லிவிட்டார்!

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. தக்காளியே நம் நாட்டுப் பொருள் அன்று. தென் அமெரிக்காவின் மலைநாட்டில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஐரோப்பியர் வழியே கடல் கடந்து வந்தது. மணத்தக்காளி முதலியன நமக்கு முன்பே பழக்கமாதலின் அதன் பெயரை இதற்கும் சூட்டிக்கொண்டோம். திவச நாளில் இன்றும் பல வீடுகளில் தக்காளி சேர்ப்பதில்லை. கப்பலில் வந்த தக்காளியைக் குறைகூறும் நாம், முதல் தக்காளியும் கப்பலில்தான் வந்தது என்பதை மறக்கலாகாது. ஆனால் அது விதையாக வந்தது, மண்ணில் விழுந்தது, அந்தந்த ஊரில் பழுத்தது.

இதற்கு உழவரைக் குறை கூறுவது நெறியன்று. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றபோது மத்திய அரசே தக்காளி வாங்கி மலிவு விலைக்கு விற்றது. வேறு ஆண்டுகளில் பறிக்கும் கூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டியிருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே வாழ்பவரிடம் சுவையைக் கேட்க நமக்கு முகம் ஏது? மேலும், சந்தையில் நாம் எல்லோரும் அமுக்கிப் பார்த்துக் கல் போன்றதைத்தானே பொறுக்குகிறோம்? அடுத்த கப்பல் வரும்வரை அது தாங்க வேண்டுமே.

அப்படியாயின் தீவிலேயே ஏன் ஆண்டு முழுவதும் பயிரிடக் கூடாது என்று கேட்கலாம். மழை விடுவதில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழிகிறது. மே முதல் டிசம்பர் வரை ஈரம். அதைவிடக் கொடியது வாடல் நோய். மண்ணில் வாழும் நுண்ணுயிர் வேர்வழி ஏறித் தண்டை அடைக்கிறது. நேற்று மாலை தழைத்து நின்ற செடி இன்று பச்சை மாறாமலே தொங்கிவிடும். அதன் தண்டை அறுத்துக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தினால் பால்போல் இழை இழையாக இறங்கும்; அதுவே அடையாளம். ஒருமுறை புகுந்த மண்ணில் கத்தரி, மிளகாயும் ஐயத்துக்குரியவையே. காராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1978-ல் தோன்றியது. தீவுக்கு ஏற்ற காய்கறிகளைப் பற்றி அங்கே கேட்டறியலாம்.

கேரளத்தின் மண்ணும் மழையும் நம்முடையவற்றை ஒத்தவை. வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்நோயை எதிர்க்கும் சக்தி, முக்தி, அனகா என்னும் தக்காளி வகைகளை வெளியிட்டிருக்கிறது. மைத்துனர் அனகா விதை சிறிது கொண்டுவந்தார். தோட்ட மண்ணை நாடாமல், பழைய சிமெண்டுப் பைகளில் புது மண்ணும் மக்கிய சாணமும் சிறிது சுண்ணாம்பும் கலந்து நிரப்பினோம். நவம்பர்க் கடைசியில் தாழ்வாரத்தில் நாற்று விட்டோம். மழை ஓய்ந்தபின் ஆறு பைகளில் நட்டு மொட்டைமாடியில் வைத்தோம். இரண்டு செடிகள் போயின. எலிகளும் தம் பங்கைக் கொண்டன. எஞ்சிய நான்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுவரை காய்த்தன. வாரத்துக்கு மூன்று நாள் இரசத்துக்குப் போதும். குழம்புக்குச் சந்தைப் பழமே. அன்னையார் ஒரு பழத்தையும் முழுதாகச் சிவக்குமுன் பறிக்க விடுவதில்லை. நம் மகள் கைநீட்டினால் அதட்டல்தான். இவ்வகைக்கு அவர் இன்னும் பின்னம் சொல்லவில்லை.

நன்கு பழுத்த மூன்று பழங்களிலிருந்து விதை எடுத்து, கூழை இரண்டு நாள் புளிக்க வைத்து அலசி, நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறோம். இது ஒட்டு விதையன்று. ஆதலின் அடுத்த தலைமுறையும் தாயைப் போலவே வரும் என்கிறார் மைத்துனர். நாற்று விட ஏற்ற காலம் நவம்பர்க் கடைசி. விரும்பும் குடும்பத்தார் அதற்கு முன் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், பெயருக்குப் பத்து விதை வீதம், இருக்கும்வரை தருகிறோம்.